அக்காவின் நீலச்சாடி மேப்பிள்

அக்கா,

இன்று காலை லூயிஷாமில் தோட்டச் சாமான் விற்கும் கடையொன்றில் நின்றேன். அங்கே வேலை செய்யும் பெண் உரமண் மூட்டையை இழுக்க, அது கிழிந்து தரையெல்லாம் கொட்டிவிட்டது. பைன் மரப்பட்டையும் ஈர இலைமக்கும் கலந்த மணம். கையில் பிடித்திருந்த கையுறையை ஏதோ ஒரு தட்டில் வைத்துவிட்டு வெளியே வந்து பஸ் தரிப்பிடத்தில் இருந்துவிட்டேன். உங்கள் கையின் மணம் அது. சோறு குழைக்கும்போதும், கோவிலில் திருநீறு எடுத்து என் நெற்றியில் பூசும்போதும், ஒரேயொரு முறை என் கன்னத்தில் அறைந்தபோதும் அந்த மணம்தான் வந்தது.

மூன்று பஸ்களை விட்டு நாலாவதில் ஏறி வந்து இதை எழுதுகிறேன். நீங்கள் போய் ஏழு மாதமாகிறது. இதை உங்களைத் தவிர வேறு யாருக்கும் என்னால் எழுத முடியாது. நடந்தது முழுவதும் தெரிந்தவர் நீங்கள் ஒருவர்தான்.

நான் லண்டனுக்கு வந்து இறங்கியபோது எனக்கு இருபத்தாறு வயது, உங்களுக்கு முப்பத்தைந்து. விமான நிலையத்தில் என்னைக் கண்டதும் நீங்கள் கட்டிப்பிடிக்கவில்லை. என் காலைத்தான் பார்த்தீர்கள். ரப்பர் செருப்பு. "இந்தக் குளிருக்குள்ளை இதோடையோ வந்தனி?" என்றீர்கள். அங்கேயே வாங்குப் பலகையில் இருந்து உங்கள் சப்பாத்தைக் கழற்றி எனக்குப் போட்டுவிட்டு, என் செருப்போடு கார் நிற்கும் இடம் வரை நடந்தீர்கள். வெளியே பனி கொட்டிக் கிடந்தது. பிறகு குடிவரவு அலுவலகத்தில் மொழிபெயர்ப்பாளர் நான் சொன்னதைச் சுருக்கிச் சொன்னபோது, "அவள் சொன்னதை முழுசாச் சொல்லுங்கோ" என்று அவரோடு சண்டை பிடித்தீர்கள். இவற்றையும் நான் எழுதத்தான் வேண்டும். எழுதாமல் விட்டால் மற்றதைச் சொல்வது எனக்கு மிகவும் சுலபமாகிவிடும்.

உங்கள் வீட்டின் சின்ன அறை எனக்கு என்று ஆனது. சமையலும், உங்கள் மகள் சாலினியைப் பள்ளிக்கூடம் கொண்டுபோய்க் கூட்டிவருவதும் என் பொறுப்பு. நீங்களும் அத்தானும் மாறி மாறி ஷிப்ட் செய்தீர்கள். யாராவது வந்தால், "இவள் என்ரை கடைசித் தங்கச்சி, வலு கெட்டிக்காரி" என்பீர்கள். அவர்கள் போய்க் கதவு சாத்தியதும், "ஏன் அவையளுக்கு முன்னாலை பல்லைக் காட்டினனி?" என்பீர்கள்.

அம்மா ஊரில் மாமா வீட்டில் இருந்தார். சண்டைக் காலம், பாதை மூடியிருந்தது. மாதத்துக்கு ஒரு கடிதம் வந்தால் பெரிய காரியம். இருபத்தாறு வயது வரை அம்மாவின் பக்கத்தில் பாயில் படுத்தவள் நான். நான் வெளிக்கிட்ட அன்று அம்மா வாசலுக்கு வரவில்லை. வந்தால் என்னைப் போகவிட மனம் வராது என்று பயந்து அறைக்குள்ளேயே இருந்துவிட்டார். அது உங்களுக்கும் தெரியும். எத்தனை தரம் சொல்லியிருப்பேன்.

அடுத்த வருஷம் வைகாசியில், சாலினி பெரியபிள்ளையானதற்குச் சாமத்தியவீடு வைத்தீர்கள். மண்டபம், ஐயர், மேளம், கனடாவிலிருந்து அத்தானின் ஆட்கள் என்று வீடு ஒரே அமளி. விசேஷத்துக்கு ஒன்பது நாள் இருந்த ஒரு வியாழக்கிழமை நான் குசினியில் பயற்றம் பணியாரத்துக்கு மா வறுத்துக்கொண்டிருந்தேன். யன்னலால் பார்த்தால் நீங்கள் தோட்டத்தில் ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் இருந்தீர்கள். முன்னால் ஒரு அடி உயரத்தில் ஒரு கன்று. சிவப்பு இலைகள், ஒவ்வொன்றும் விரல் விரித்த சின்னக் கை போல.

"என்னக்கா, இவ்வளவு வேலை கிடக்க மரம் வாங்கிக்கொண்டு வந்திருக்கிறியள்?"

"யப்பான் மேப்பிளாம். வடிவாக் கிடந்தது, வாங்கினன்." நீங்கள் திரும்பிப் பார்க்கவில்லை. "மா வறுத்திட்டியோ?"

"ஓம்."

"அப்ப போய் அரிச்சு வை."

உங்கள் குரல் அடைத்திருந்தது. சளி, தடிமன் என்று நினைத்து மல்லித்தண்ணி அவித்துக் கொண்டுவந்து தந்தேன். வாங்கிக் குடித்தீர்கள். அடுத்தடுத்த நாட்களிலும் வேலையால் வந்ததும் அந்த வாளியில் போய் இருந்தீர்கள். எனக்குச் சிரிப்பாக இருந்தது. அக்காவுக்கு இந்த வயதில் மரப் பைத்தியம் பிடித்துவிட்டது என்று சாலினிக்குச் சொல்லிச் சிரித்தேன்.

திங்கட்கிழமை அம்மாவுக்கு நீளமாக ஒரு கடிதம் எழுதினேன். சாலினிக்கு எடுத்த பட்டுச்சேலை என்ன நிறம், நான் என்ன கட்டப்போகிறேன், எத்தனை தட்டு வைக்கப்போகிறோம், எல்லாம் எழுதினேன். "நீங்கள் இஞ்சை வந்தவுடனை படமெல்லாம் காட்டுறன் அம்மா" என்று முடித்து உங்களிடம் தந்தேன். "வேலைக்குப் போற வழியிலை போடுறன்" என்று வாங்கிக் கைப்பைக்குள் வைத்தீர்கள்.

சனிக்கிழமை நான் பச்சைப் பட்டுக் கட்டி, தலை நிறையப் பூ வைத்து, ஆராத்தித் தட்டோடு மேடையில் நின்றேன். அந்தப் படம் உங்கள் முன் அறைச் சுவரில் வருஷக்கணக்காகத் தொங்கியது. வாய் முழுக்கத் திறந்து சிரிக்கிறேன். பக்கத்தில் நீங்கள் கமராவைப் பார்க்காமல் என்னைப் பார்க்கிறீர்கள்.

அன்று பின்னேரம் வீடு நிறைய விருந்தாளிகள் இருக்க, என்னைக் குசினிக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினீர்கள். சேலையைக்கூட நான் மாற்றியிருக்கவில்லை.

"அம்மா போட்டா."

எனக்கு விளங்கவில்லை. "எங்கை?" என்று கேட்டேன்.

"செத்துப்போனா. காய்ச்சலாம். போன வியாழனுக்கு முந்தின வியாழன். எட்டாம் நாள் எட்டுச்செலவும் முடிஞ்சுது. மாமா எல்லாம் ஒழுங்காச் செய்தவராம்."

நான் கத்தினேன். என் வாயைப் பொத்தினீர்கள். திமிறினேன். அப்போதுதான் அறைந்தீர்கள். வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாகத் தோட்டத்துக்குப் போயிருக்கிறீர்கள். உங்கள் கையில் அந்த மண்ணின் மணம் இருந்தது.

"ஏன் சொல்லேல்லை? ஏனக்கா சொல்லேல்லை?"

"சொல்லியிருந்தா நீ என்ன செய்திருப்பாய்? பாதை மூடிக் கிடக்குது. உனக்கு விசா இல்லை. போக ஏலாது. செத்தவீட்டுத் துடக்கு எண்டு எல்லாத்தையும் நிப்பாட்டிப்போட்டு, கனடாவிலை இருந்து வந்த சனத்துக்கு முன்னாலை நிண்டு அழுதிருப்பாய். வேறை என்ன செய்திருப்பாய்?"

"அழுதிருப்பன்," என்றேன்.

"இப்ப அழு," என்று சொல்லிவிட்டு, தேத்தண்ணித் தட்டைத் தூக்கிக்கொண்டு முன் அறைக்குப் போனீர்கள். கதவு திறந்து மூடிய அந்தக் கணத்தில் நீங்கள் யாருக்கோ சிரித்துப் பதில் சொல்வது கேட்டது.

என் கடிதத்தை நீங்கள் கிழிக்கவில்லை, தபாலில் போட்டுவிட்டீர்கள். ஏன் போட்டீர்கள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அது முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியும் முடிந்த பிறகு மாமா வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தது. "பிள்ளை, உனது கடிதம் கிடைத்தது. அக்கா உனக்கு இன்னும் விஷயத்தைச் சொல்லவில்லைப் போலும்" என்று தொடங்கி மாமா பதில் எழுதியிருந்தார்.

இரண்டு மாதத்தில் நான் வால்தம்ஸ்டோவுக்கு ஓர் அறை பார்த்துக்கொண்டு போய்விட்டேன். முதியவர்களைப் பராமரிக்கும் இல்லமொன்றில் வேலை. நாங்கள் பேசாமல் விடவில்லை. தீபாவளிக்கு வந்தேன், திருவிழாவுக்கு வந்தேன், சாலினியின் கலியாணத்துக்குச் சமைத்தேன். எனக்கு வந்த கலியாணப் பேச்சுகளை நானே தட்டிக்கழித்தேன். எனக்கென்று ஒரு நல்லநாள் வந்து அதை நீங்கள் முன்நின்று நடத்துவதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

அந்த மேப்பிள் வளர்ந்தது. அதைப் பெரிய நீலச்சாடிக்கு மாற்றினீர்கள். சுவரோரமாக நிலத்தில் இன்னும் ஆறு மரங்கள் வைத்தீர்கள். வருகிறவர்களை எல்லாம் தோட்டத்துக்குக் கூட்டிப்போய் விளக்கம் சொல்வீர்கள். காலை வெயில் படலாம், பின்னேர வெயில் படக்கூடாது. காத்துப் பட்டால் இலை நுனி கருகிவிடும். "எங்கடை பைப் தண்ணி சுண்ணாம்பு, இதுக்கு ஒத்துவராது" என்று கூரையிலிருந்து விழும் மழைத்தண்ணியைப் பீப்பாவில் பிடித்து ஊற்றினீர்கள். நிலத்தில் நிற்பவை தாங்களாகத் தண்ணியைத் தேடிக்கொள்ளும், சாடியில் நிற்பது நாங்கள் ஊற்றினால்தான் உண்டு என்பீர்கள். சாலினிக்குத் தலைவாரி இழுக்கும்போது நறுக்கென்று இழுப்பவர், அந்த மரத்தின் காய்ந்த சுள்ளியை நகத்தால் மெல்லக் கிள்ளி எடுப்பீர்கள்.

அத்தான் செத்து அடுத்த வருஷம், ஆட்டைத் திவசத்தன்று ஆட்கள் போன பிறகு நாங்கள் இரண்டு பேரும் அந்தச் சாடிக்குப் பக்கத்தில் கதிரை போட்டு இருந்தோம். நீங்களாகவே சொன்னீர்கள்.

"இது அம்மா செத்தண்டு வாங்கினது, தெரியுமோ உனக்கு? காலமை மாமா எப்பிடியோ ஆளைப் பிடிச்சுப் போன் எடுப்பிச்சவர். வீட்டிலை அழ ஏலாது, நீ நிண்டனி. வெளியிலை இறங்கி எங்கையெண்டில்லாமல் நடந்து, ஒரு கடைக்குள்ளை பூந்தன். இதைப் பாத்தோண்ணை அழுகை வந்திட்டுது. கொண்டுவந்து வைச்சு, ஒன்பது நாளும் இதுக்கு முன்னாலை இருந்துதான் அழுதனான்."

சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தீர்கள். நான் உங்கள் கையைப் பிடிப்பேன் என்று எதிர்பார்த்திருக்கலாம். "வடிவா வளந்திருக்குது," என்று சொல்லிவிட்டு எழுந்து கோப்பைகளைக் கழுவப் போனேன். தண்ணீரைத் திறந்துவிட்டு அங்கேயே நின்றேன். நீங்கள் அழுதிருக்கிறீர்கள். ஒன்பது நாள், ஒழுங்காக, ஒரு மரத்தைத் துணைக்கு வைத்துக்கொண்டு அழுதிருக்கிறீர்கள். நான் பத்தடி தள்ளி மா அரித்துக்கொண்டு உங்களைப் பார்த்துச் சிரித்திருக்கிறேன். அவ என் அம்மாவும்தானே, அக்கா. உங்கள் பக்கத்தில் இன்னொரு வாளியைக் கவிழ்த்துப் போட்டிருந்தால் போதும்.

அன்றிலிருந்து அந்த மரத்தைக் கண்டால் எனக்கு ஆகாது.

போன வருஷத்துக்கு முதல் வருஷம் மார்கழியில் உங்களுக்குப் பாரிசவாதம் வந்தது. வலப்பக்கம் முழுவதும் விழுந்துவிட்டது. பேச்சும் போய்விட்டது. "த... த..." என்ற சத்தம் மட்டும் வரும். சாலினி டொரொண்டோவிலிருந்து போனில் அழுதாள். "சித்தி, அம்மாவை ஹோமிலை விட எனக்கு மனமில்லை. நீங்கள் லைஃப் முழுக்க இந்த வேலைதானே செய்யிறியள். பிளீஸ் சித்தி."

நான் அறையைக் காலிசெய்துவிட்டு வந்தேன். தோட்டத்தைப் பார்த்த பின் அறையில், கண்ணாடிக் கதவுக்கு நேரே உங்கள் கட்டிலைப் போட்டோம். இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை உங்களைப் புரட்டினேன். விக்காமல் விழுங்கத் தண்ணீரில் மாவைக் கலந்து தடிப்பாக்கிக் கரண்டியால் பருக்கினேன். உங்கள் உடம்பில் ஒரு படுக்கைப்புண் வர நான் விடவில்லை. வீட்டுக்கு வரும் நேர்ஸ் உங்கள் முதுகைப் பார்த்துவிட்டு, இப்படி ஒரு தங்கச்சி கிடைக்க நீ கொடுத்துவைத்திருக்க வேண்டும் என்று உங்களிடம் சொன்னாள். நீங்கள் என்னைப் பார்த்தீர்கள்.

ஆடி மாதம் வெயில் கொளுத்தத் தொடங்கியது. புல் வைக்கோலாகிவிட்டது. பீப்பாவில் கொஞ்சம் மழைத்தண்ணி மிச்சமிருந்தது. முதல் நாள் சுவரோரத்து ஆறு மரங்களுக்கும் ஊற்றினேன், நீலச்சாடிக்கு ஊற்றவில்லை. அது மறதி. சத்தியமாக மறதிதான். அடுத்த நாள் வாளியோடு போனபோது திரும்பிப் பார்த்தேன். நீங்கள் கண்ணாடிக்குள்ளிருந்து இடது கையைத் தூக்கிச் சாடியைக் காட்டினீர்கள். "த... த..." என்று வாய் அசைந்தது. எனக்கு விளங்கியது. வாளியை வைத்துவிட்டு உள்ளே வந்து உங்கள் கோப்பையை எடுத்தேன்.

"தண்ணியோ அக்கா? இந்தாங்கோ."

இல்லை என்று தலையை ஆட்டினீர்கள். நான் கரண்டியை உதட்டில் வைத்தேன். வாயைத் திறக்கவில்லை; நாடியால் வழிந்தது. துடைத்துவிட்டேன்.

ஒன்பது நாள். ஒவ்வொரு நாளும் ஆறு மரங்களுக்கும் உங்கள் கண்முன்னால் ஊற்றி, சாடியைத் தாண்டி வந்தேன். ஒவ்வொரு நாளும் நீங்கள் கை காட்டினீர்கள், நான் கோப்பையைக் கொண்டுவந்தேன். மூன்றாம் நாள் இலை நுனிகள் சுருண்டன. ஐந்தாம் நாள் கரை கருகியது. ஏழாம் நாள் எல்லா இலையும் தேத்தூள் நிறத்துக்கு வந்துவிட்டது. நீங்கள் கட்டில் கம்பியில் இடது கையால் அடித்தீர்கள். கை நோகுமே என்று கம்பிக்குத் துவாய் சுற்றிவிட்டேன். இதையெல்லாம் செய்துகொண்டு நான் சாப்பிட்டேன், தொலைக்காட்சி பார்த்தேன், வெள்ளிக்கிழமை கோவிலுக்குப் போய் உங்கள் பெயருக்கு அர்ச்சனை செய்தேன்.

பத்தாம் நாள் ஒரு வாளி தண்ணீர் முழுவதையும் சாடிக்குள் ஊற்றினேன். மண் காய்ந்து சுருங்கியிருந்ததால் தண்ணீர் ஓரத்தால் ஓடிக் கீழே வந்துவிட்டது. நீங்கள் செய்வதுபோல நகத்தால் பட்டையைச் சுரண்டிப் பார்த்தேன். பச்சை இல்லை. உள்ளே வந்து உங்கள் கட்டிலருகே கதிரையைப் போட்டு இருந்து சொன்னேன்.

"மரம் செத்துப்போச்சுதக்கா. போன கிழமையே செத்துப்போச்சுது. சொல்லியிருந்தா நீங்கள் என்ன செய்திருப்பியள்?"

உங்கள் இடது கண்ணிலிருந்து மட்டும் தண்ணீர் வந்தது. கனகாலமாக மனதுக்குள் சொல்லிப் பார்த்திருந்த வசனம் அது. சொன்னதும் ஆறுதலாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். ஒரு நிமிஷம் இருந்தது. பிறகு உங்களைப் புரட்டும் நேரம் வந்துவிட்டது. எழுந்து புரட்டினேன்.

அன்றோடு "த" என்ற சத்தமும் நின்றது. நேர்ஸ் வந்தால் ஏதோ முனகுவீர்கள். போன் திரையில் சாலினி வந்தால் உதட்டை அசைப்பீர்கள். எனக்கு ஒன்றும் இல்லை. கரண்டியை நீட்டினால் வாய் திறக்கும், விழுங்கும், மூடும்.

ஐப்பசியில் சுவரோரத்து ஆறு மரங்களும் நெருப்பாகச் சிவந்து கொட்டின. சாடியில் இருந்த மரம் கொட்டவில்லை. உயிருள்ள மரம்தான் இலையைத் தானாக உதிர்க்குமாம். செத்த மரம் அப்படியே பிடித்துக்கொண்டு நிற்கும். மாரி முழுவதும் அந்தக் கருகிய இலைகள் காற்றில் கரகரத்துக்கொண்டு உங்கள் கண்ணுக்கு நேரே நின்றன. சாடியை ஓரமாகத் தள்ளிவைக்க எனக்கு ஐந்து நிமிஷம் போதும். நான் தள்ளவில்லை.

மார்கழியில் நத்தார் விடுமுறைக்குச் சாலினி வந்தாள். கதவடியில் நின்று, "அம்மாவின்ரை மேப்பிளுக்கு என்ன நடந்தது சித்தி?" என்று கேட்டாள்.

"வெயில் கருக்கிப்போட்டுது," என்றேன். நீங்கள் கேட்டுக்கொண்டு படுத்திருந்தீர்கள்.

அடுத்த நாள் அவள், பேச்சுப் பயிற்சி கொடுக்கும் பெண்ணிடம் கேட்டு ஓர் எழுத்துப் பலகை வாங்கிவந்தாள். ஆங்கில எழுத்துகள் பெரிதாக அச்சடித்த மட்டை. "அம்மா, ஏதாவது சொல்ல வேணுமெண்டா விரலாலை காட்டுங்கோ, ஓக்கே?" என்று உங்கள் மடியில் வைத்தாள். மேப்பிளைத்தான் சொல்லப்போகிறீர்கள் என்று நினைத்தேன். வாசலில் நின்றேன். நீங்கள் மகளைப் பார்த்தீர்கள். பிறகு என்னைப் பார்த்தீர்கள், நெடுநேரம். பிறகு விரலை வைத்தீர்கள். எஸ். ஏ. ஆர். ஐ.

"சாரி? சேலையோ அம்மா?" சாலினி துள்ளி எழுந்து அலுமாரிக்கு ஓடினாள். அவள் கொண்டுவந்து உங்கள் நெஞ்சில் விரித்த அரக்குப் பட்டைத் தொடாமல் நீங்கள் கண்ணை மூடிக்கொண்டீர்கள். அதற்குப் பிறகு அந்தப் பலகையை ஒருநாளும் தொடவில்லை.

மாசி மாதம் போய்ச் சேர்ந்தீர்கள். அந்த அரக்குப் பட்டை நான்தான் உங்களுக்குக் கட்டினேன். கொய்யகம் பிடித்து, மடிப்புக் கலையாமல் ஊசி குத்தினேன். செத்தவீட்டுக்கு வந்தவர்கள் எல்லாரும் என் கையைப் பிடித்தார்கள். "உன்னை மாதிரி ஒரு தங்கச்சி ஆருக்குக் கிடைக்கும்" என்றார்கள். "நீங்கள் இல்லாட்டி அம்மா எப்பவோ போயிருப்பா சித்தி" என்று சாலினி என் தோளில் விழுந்து அழுதாள். ஓம் என்று அவள் முதுகைத் தடவினேன்.

நான் இப்போது கொண்டுதிரிவது அந்த நாலு எழுத்தைத்தான், அக்கா. நீங்கள் கேட்டது சேலை என்றால், அது உங்களுக்குக் கிடைத்தது. "சரி" என்று தமிழைத்தான் ஆங்கிலத்தில் காட்டினீர்கள் என்றால், நான் செய்தது சரியா, இரண்டு பேருக்கும் சரிக்குச் சரியா, போதும் விடு என்ற சரியா? அல்லது எழுத்துப் பிழையோடு ஆங்கிலத்தில் "சாரி" என்று மன்னிப்புக் கேட்டீர்களா? உங்கள் ஆங்கிலத்துக்கு அந்தச் சொல்லை அப்படித்தான் எழுதுவீர்கள். ஒவ்வொரு நாளும் ஒவ்வொன்றாகத் தெரிகிறது.

எதுவாக இருந்தாலும், நீங்கள் அதைச் சொன்ன பிறகு எனக்கு இரண்டு மாதம் இருந்தது. காது கேட்டது உங்களுக்கு. சாலினியும் திரும்பிப் போய்விட்டாள், வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். நான் உங்களைப் புரட்டினேன், துடைத்தேன், ஊட்டினேன், தலை வாரினேன். என்ன சொன்னீர்கள் அக்கா என்று ஒரு நாளும் கேட்கவில்லை.